முன்னிலை வகித்தவர்கள்

2025ஆம் ஆண்டு தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், அக்டோபர் 23ஆம் தேதி, பஹ்ரைன் தேசத்தில் நடந்த மூன்றாவது ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டுச் சிறுவர் சிறுமியரின் கபடிக் குழுக்கள் இரண்டும் இறுதி ஆட்டம் ஆடிய வேளையில், நான் கள்ளக்குறிச்சியில் என் வீட்டுத் திண்ணையில், ஓட்டு விளிம்பிலிருந்து ஐப்பசி மழை சரம் சரமாக ஒழுகிக்கொண்டிருக்க, பேரன் கையில் கொடுத்துவிட்டுப் போன கைப்பேசியில் எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் இல்லை, எண்கள் மாத்திரமே. ஒரு பக்கம் இந்தியா, மறுபக்கம் ஈரான், நடுவே ஒரு சிறு கோடு.

எண்களைக் கொண்டு கபடியைப் பார்ப்பது ஜாதகக் கட்டத்தைக் கொண்டு ஆளைப் பார்ப்பது போன்றது. பழகியவனுக்கு முகம் தெரியாவிட்டாலும் குணம் தெரிந்துவிடும். எண் ஒன்றாக ஏறினால் ஒரு தொடுகையோ ஒரு பிடியோ ஆகியிருக்கிறது. இரண்டாகத் தாவினால், ஏறிப் போனவர் இருவரைத் தொட்டிருக்க வேண்டும், அல்லது ஒருவரைத் தொட்டு போனஸ் கோட்டையும் மிதித்திருக்க வேண்டும், அல்லது களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ எஞ்சி நின்ற கட்சி துணிந்து ஆளைப் பிடித்திருக்க வேண்டும். திடீரென்று மூன்று ஏறியதென்றால் பெரும்பாலும் எதிர்க்கட்சியின் கடைசி ஆளும் வெளியேறி, லோனாவுக்குரிய இரண்டும் அதனோடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எண் நெடுநேரம் அசையாமல் நின்றால் இரு கட்சியும் வெறுமனே போய் வெறுமனே திரும்புகின்றன; மூன்றாவது முறை ஏறுகிறவன் வெறுங்கையோடு வரக் கூடாது என்பது விதியாகையால், அந்த அசைவற்ற எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒரு பிள்ளையின் மார்பு படபடக்கிறது. முப்பத்தைந்து வருஷம் இந்த ஆட்டத்தைப் பத்திரிகைக்கு எழுதியவன் என்ற பாத்தியதையில் இவ்வளவு எனக்குத் தெரியும்.

அன்று நான் எனக்காக மட்டும் பார்க்கவில்லை. கல்வராயன் மலையில், கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். என் நெடுநாளைய நண்பர், நான் அவரை மாஸ்டர் என்றும் அவர் என்னை நிருபர் சார் என்றும் அழைத்து நாற்பது வருஷம் ஆகிறது. மலைப் பெண் குழந்தைகள் சிலருக்கு அவர் சாயங்காலங்களில் கபடி சொல்லிக் கொடுக்கிறார். அவர் ஊரில் கைப்பேசிக்கு உயிர் வருவது ரோட்டு வளைவில் ஒரு மதகின்மேல் மட்டுந்தான். அங்கே குடை பிடித்து நின்றுகொண்டு அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். "என்ன சார் எண்ணிக்கை?" நான் சொல்வேன். அவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல, பின்னணியில் பிள்ளைகளின் கூச்சல் எனக்குக் கேட்கும். பிறகு தொடர்பு அறுந்துபோகும். பேனாவை மூடி வைத்து ஐந்து வருஷங்கள் கழித்து, ஒரு மதகையே வாசகர் கூட்டமாகக் கொண்டு மறுபடியும் நிருபராகிவிட்டேன் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

நான் இந்தத் தொழிலில் புகுந்தது 1984இல். அப்போது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. 1993இல் ஜில்லாவைப் பிரித்தபோது விழுப்புரத்தோடு போயிற்று. 2019 நவம்பரில் தானே ஒரு மாவட்டமாயிற்று. ஆக, ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி மூன்று மாவட்டங்களுக்கு நிருபராக இருந்த பெருமை எனக்கு உண்டு. பகுதிநேர நிருபர் என்பது உத்தியோகப் பெயர். உண்மையில் நான் பத்திரிகை ஏஜெண்டு. விடியற்காலையில் கட்டுப் பிரித்துப் பையன்களிடம் கொடுத்துவிட்டு, பகலில் செய்தி சேர்த்து, சாயங்காலம் எழுதிக் கவரில் போட்டு, சென்னை போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுவது என் தினசரி. பிரசுரமான செய்தியை அளந்து பணம் தருவார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு குடித்தனம் நடத்தியவர் எவரும் இல்லை, ஏஜென்சிக் கமிஷனைக் கொண்டுதான் நடத்தினோம். இந்த விவரம் பின்னால் நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு வேண்டியதாயிருக்கிறது.

பஸ் கவர் என்னும் அந்த ஸ்தாபனத்தைப் பற்றி இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். பழுப்பு உறையின்மேல் 'செய்தி, மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதி, டிரைவர் கையில் ஒப்படைத்தால், அவர் அதைக் கண்ணாடிக்கு முன்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகிக்கொள்வார். சென்னையில் ஆபீஸ் பையன் வந்து வாங்கிக்கொள்வான். பெரிய விபத்தோ வெள்ளமோ என்றால் தபாலாபீசுக்கு ஓடிப் பத்திரிகைத் தந்தி கொடுப்பதுண்டு. கபடிக்கு அந்தக் கௌரவம் இல்லை. ஒரு தைமாதம், தியாகதுருகம் பக்கத்து ஆட்டம் ஒன்றின் கால் இறுதியைப் பற்றி நான் எழுதிய கவர், ஸீட்டுக்கடியில் விழுந்து சென்னைக்குப் போய்க் கள்ளக்குறிச்சிக்கே திரும்பி, மறுநாள் மறுபடியும் பிரயாணப்பட்டு, நான் வானளாவப் புகழ்ந்திருந்த குழு இறுதி ஆட்டத்தில் படுதோல்வி கண்ட நாளில் பிரசுரமாயிற்று. ஜயித்த ஊர்க்காரர்கள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள்; நான் இரண்டு நாள் சின்னசேலத்தில் என் தங்கை வீட்டில் விருந்தாளியாக இருந்தேன்.

அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள்தான் பார்த்தவர்கள். பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ, அறுவடையான வயலைத் தட்டிச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, நாலு மூலையிலும் சவுக்குக் கழி நட்டு டியூப்லைட் கட்டினால் அது 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி'. சங்கராபுரத்திலிருந்தும் ரிஷிவந்தியத்திலிருந்தும் டிராக்டரில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு வந்த வாலிபன் ராத்திரி இரண்டு மணிக்கு, பனி விழும் மண்ணில் வெறுங்காலோடு மூச்சடக்கிப் பாடிக்கொண்டு ஏறுவான். ஏழு பேர் கை கோத்து அவனுக்காகக் காத்திருப்பார்கள். உள்ளே விட்டு வளைக்கும் அந்தக் கணத்தில் மைக்குக்காரன்கூட வாயடைத்துப்போவான். மண்ணில் ஆடியவர்களுக்கு முட்டியிலும் முழங்கையிலும் நிரந்தரமான தழும்பு உண்டு. மெத்தை விரிப்பின்மேல் ஆடும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த அடையாளம் இல்லையே என்று கிழவர்கள் சிலர் வருந்துவது எனக்கு அசட்டுத்தனமாகவே தோன்றுகிறது. தோல் உரியாமல் ஆட முடிந்தால் உரியாமலே ஆடட்டும்.

தகராறும் அதே அளவு விசேஷமானது. பட்டதா படவில்லையா என்பதுதான் கபடியின் ஆதிப் பிரச்னை. பனிக்கட்டியின்மேல் இருபது கிலோவுக்குச் சற்றே குறைந்த கருங்கல்லை வழுக்கிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே போகும் கர்லிங் என்ற ஆட்டத்தைக் குளிர்கால ஒலிம்பிக்கில் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். ஓடுகிற கல்லில் தன் துடைப்பம் பட்டுவிட்டால் பட்டவனே முன்வந்து ஒப்புக்கொள்வது அங்கே மரபாம். நம் ஆட்டத்தில் அப்படி ஒப்புக்கொண்ட ஒருவனை மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தேன். அவனுடைய சொந்தக் குழுவே அவனை அடிக்கப் போயிற்று. ஊருக்கு ஊர் இப்படியென்றால் உலகத்துக்கு முன்னாலும் வேறு மாதிரியில்லை. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சௌ நகரத்தில் ஆசிய விளையாட்டின் ஆடவர் இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமமாக நின்ற தறுவாயில், பவன் ஷெராவத் ஏறிப் போன ஒரே ஓட்டத்தைப் பற்றிய ஆக்ஷேபணையால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றுபோய், ஆட்டக்காரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட, கடைசியில் 33-29 என்று நமக்கு முடிந்தது. அன்று எனக்குத் தியாகதுருகம் வயல்தான் ஞாபகத்துக்கு வந்தது. மத்தியஸ்தர்களின் முகத்தில் அதே பீதி.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கபடிச் செய்தி எழுதுவதற்கு ஒரு சம்பிரதாயம் இருந்தது. இன்னார் தலைமை தாங்கினார், இன்னின்னார் முன்னிலை வகித்தனர், இன்னார் வரவேற்றார், இன்னார் போட்டியைத் தொடங்கி வைத்தார், முதல் பரிசும் சுழற்கோப்பையும் வழங்கியவர் இன்னார், இரண்டாம் பரிசு இன்னார், மூன்றாம் பரிசு இன்னார், முடிவில் இன்னார் நன்றி கூறினார். இவ்வளவுக்கும் பிறகு, இடம் இருந்தால், எந்த ஊர் எந்த ஊரை வென்றது என்பதும், அதற்கும் பிறகு ஆட்டக்காரர்களின் பெயரும். ஆபீஸில் உதவி ஆசிரியருக்கு இடம் போதாமற்போனால் கீழிருந்து வெட்டுவது முறை. கீழே இருந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகையைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் வெட்டியது கீழ்ப்பகுதியை, ஆட்டக்காரர்களைக் கீழ்ப்பகுதியில் வைத்தவன் நான். ஏன் வைத்தேன் என்றால், முன்னிலை வகித்தவர் பெயர் வந்தால் அவர் மறுநாள் பத்துப் பிரதி வாங்குவார். ஏறிப் பிடித்தவன் பெயர் வந்தால் அவன் ஒரு பிரதியை டீக்கடையில் இரவல் வாங்கிப் படிப்பான். ஏஜென்சிக் கமிஷன் என்று முன்பு சொன்னேனே, அதன் கணக்கு இதுதான்.

1996ஆம் வருஷம் என்று ஞாபகம், பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிக்கு மலையிலிருந்து ஓர் உண்டு உறைவிடப் பள்ளியின் பெண்கள் இறங்கி வந்தார்கள். கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். பேசுவது தமிழ், மூதாதையர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபு. தேசம் சுதந்திரம் அடைந்து முப்பது வருஷம் ஆகப்போகும் சமயத்தில், 1976இல்தான், மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கம் நீங்கி அந்த மலை சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்குள் வந்தது. அங்கிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பெண்களும், சீருடைப் பாவாடையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, பூட்ஸ் போட்ட டவுன் பெண்களின் எதிரே நின்றதைப் பார்த்தபோது, மைதானத்தில் இருந்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். பரிதாபம் பத்து நிமிஷந்தான் நீடித்தது. இடது கார்னரில் ஒரு பெண் நின்றாள், ஒல்லி, கண்ணைத் தரையிலேயே வைத்திருப்பாள். மாஸ்டர் பின்னால் எனக்கு விளக்கினார், ஏறி வருகிறவளின் முகத்தைப் பார்த்தால் ஏமாறுவோம், கணுக்காலைப் பார்த்தால் ஏமாற மாட்டோம் என்று. அந்தப் பெண்ணுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மலைச்சரிவில் ஆட்டுக்குட்டியைப் பிடித்துப் பழகியவளுக்குத் தானே தெரிந்திருந்தது. அன்று அவள் பிடித்த கணுக்கால் ஒன்றும் விடுபடவில்லை.

நான் எழுதினேன். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், பரிசு வழங்கியவர் என்று எழுதி, கீழே அந்தப் பெண்களின் பெயரையும் எழுதினேன். 'மலைப்பகுதி மாணவிகள் வெற்றி' என்று தலைப்பு வந்தது, பெயர் வரவில்லை.

நாலைந்து நாள் கழித்து, கடுக்காய் மூட்டை போடக் கீழே வந்த ஒரு பெரியவர் விசாரித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். முழங்காலுக்குமேல் வேட்டி, தோளில் கம்பளி. மகள் பெயர் பேப்பரில் வந்திருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். பழைய கட்டிலிருந்து அந்த இதழை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் படிக்க வராது. "எங்கே சாமி இருக்குது, பாப்பா பேரு?" என்று கேட்டு, ஆள்காட்டி விரலை நீட்டி என் கையில் கொடுப்பதுபோல் கொடுத்தார். நான் அந்த விரலைப் பிடித்து, அச்சடித்த ஒரு வரியின்மேல் வைத்து, "இதுதான்" என்றேன். அது முன்னிலை வகித்தவரின் பெயர்.

அவர் அந்த வரியை இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, காசு கொடுக்க மடியை அவிழ்த்தார். நான் வாங்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று அவர் எண்ணிக் கும்பிட்டுவிட்டுப் போனார். பேப்பரை மடித்துக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு அவர் வெள்ளிமலை பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது, மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்று.

அவள் பெயரை இங்கே எழுதி அந்தக் கடனைத் தீர்க்கலாமென்றால், அந்த வருஷத்து நோட்டுப் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. எழுத்து ஒன்றிரண்டு ஞாபகம் வருவதுபோல் இருக்கும், வராது.

பஹ்ரைனுக்குத் திரும்புகிறேன். இளையோர் போட்டியில் கபடியைச் சேர்த்தது இதுவே முதல் தடவை. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டம். அன்று பெண்கள் 75-21 என்று ஈரானை வென்றார்கள். எழுபத்தைந்து என்பது ஒன்று ஒன்றாகச் சேர்த்து எட்டக்கூடிய தொகையன்று. எதிர்க்களத்தைத் திரும்பத் திரும்பக் காலி செய்தாலன்றி அந்த எண் வராது. ஆண்கள் 35-32. மூன்றே புள்ளி, ஒரு கடைசி ஆளின் வித்தியாசம். அந்த எண்ணை நான் சொன்னபோது மாஸ்டர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுபத்தைஞ்சைவிட முப்பத்தைஞ்சுதான் சார் பெரிசு" என்றார். எனக்கும் அதுவே அபிப்பிராயம்.

பெண்கள் குழுவின் துணைத் தலைவி சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. ஆண்கள் குழுவில் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷ். மன்னார்குடிக்குப் பக்கத்து வடுவூர் ராமர் கோயிலுக்கும் பறவைகள் வரும் ஏரிக்கும் எவ்வளவு பிரசித்தமோ அவ்வளவு கபடிக்கும் பிரசித்தம். கண்ணகி நகரோ நகரத்தின் நடுவிலிருந்து ஏழை ஜனங்களை அப்புறப்படுத்திக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம்; பத்திரிகையில் அதன் பெயர் வந்த சந்தர்ப்பங்கள் அநேகமாக நல்லவையல்ல. மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று ஊரையும் சேர்த்தே அச்சாகியிருந்ததைப் பார்த்தேன். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடியில் தங்கம் வென்று, பிறகு அர்ஜுனா விருது பெற்ற கணேசனை நாம் மணத்தி கணேசன் என்றே சொல்கிறோம். 2025 தீபாவளிக்கு வெளிவந்த 'பைசன்' படம் அவருடைய வாழ்க்கையைத் தழுவியது என்று ஊரெல்லாம் பேச்சு. ஊர்ப்பெயர் இனிஷியலுக்குள் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடாமல் முழுதாக முன்னால் வந்து நிற்கிறது. கார்த்திகா, அபினேஷ் இருவருக்கும் தமிழக அரசு தலைக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தப் புகைப்படத்திலும் முன்னிலை வகித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் எழுத்தில் முதல் வரி அவர்களுக்குப் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகை நறுக்குகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணையருகே நீர் செந்நிறமாகப் புரண்டுகொண்டிருந்தது. மலை ஏற ஏற மேகம் ஜன்னலுக்குள் வந்தது. மாஸ்டர் மதகண்டை நின்றிருந்தார். மரவள்ளிக் கொல்லைக்கு நடுவே அவர் ஒழுங்கு செய்திருக்கும் தளத்தில் மழைவிட்ட ஈரம். பெண்கள் வழுக்கி விழுந்து எழுந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நறுக்குகளைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், "துணைத் தலைவின்னா எந்தக் கார்னர் தாத்தா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். நான் எண்ணைத்தானே பார்த்தேன்.

அடுத்த வாரம் கீழே அவர்களுக்கு ஓர் ஆட்டம் இருந்தது. என் ஏஜென்சியை எடுத்துக்கொண்டு இப்போது நிருபராக இருக்கும் பையனிடம் முன்கூட்டியே பட்டியலைக் கொடுத்து, பெயரை மேலே போட்டுவிட்டு மற்றதைக் கீழே எழுதடா என்று சொல்லுவதாக உத்தேசம். நோட்டை எடுத்தேன். வரிசையாக நின்று சொன்னார்கள், ஏழு பெயர் எழுதி முடித்து மூடப்போனபோது, கோட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஐந்து பேர் ஒருமிக்க, "நாங்க?" என்றார்கள். பக்கத்தைத் திருப்பி அவர்களையும் எழுதினேன்.

எழுதி முடித்ததும், இடது பக்க ஓரத்தில் நிற்பவள், கையிலிருந்த சேற்றைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "குடுங்க தாத்தா, நானே பாத்துக்கறேன்" என்று நோட்டை வாங்கினாள். பெயர் பெயராக விரல் வைத்து வாய்விட்டு வாசித்தாள். தன் பெயரில் நின்று, "எங்கப்பா பேரு 'ச'ன்னாவுல ஆரம்பிக்குது, நீங்க 'க' போட்டிருக்கீங்க" என்று சொல்லி, என் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தானே எடுத்து அடித்துத் திருத்திவிட்டு, அதற்கடுத்த பெயருக்குப் போனாள்.